அடுப்பு உள்ள அறை

எங்கள் கட்டடத்தில் யாராவது கனடாவுக்குப் போவதாக இருந்தால், அது மேல் வீட்டு அக்காவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. டிக்கெட், ஓட்டல் எல்லாம் அதற்கப்புறம். அவர் காரை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போகும்வரை ஜன்னலோரம் காத்திருந்து, பிறகு பெட்டியைப் படியில் இறக்கியவர்களை எனக்குத் தெரியும். நியூஜெர்சியில், பார்சிப்பனியில் நாங்கள் அப்போது குடியிருந்த அந்தச் செங்கல் அபார்ட்மென்ட்டில் பாதிக்குமேல் நம் ஊர்க்காரர்கள். எல்லாரும் இன்ஜினீயர்கள். ராகுகாலம், சகுனம் என்றால் சிரிப்பவர்கள். அந்த அக்காவைக் கண்டால் மட்டும் அத்தனை பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

அவர் யாரையும் திட்டியதில்லை. யார் வீட்டு விவகாரத்தையும் இன்னொரு வீட்டில் போய்ச் சொன்னதில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்பார், அவ்வளவுதான்.

"சரி, அங்கயே மாட்டிக்கிட்டீங்கன்னா?"

இதற்குப் போய் ஏன் இவ்வளவு பயம் என்பது வேலை விசாவில் வாழ்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு அமெரிக்காவுக்குள் இருந்தபடியே வேலை அனுமதியை நீட்டித்துக் கொடுத்துவிடுவார்கள். உள்ளே இருக்கும்வரை கவலை இல்லை. எல்லையைத் தாண்டிவிட்டால், திரும்பி உள்ளே வர பாஸ்போர்ட்டில் புது முத்திரை வேண்டும். அதை வெளிநாட்டில் உள்ள தூதரகத்தில்தான் வாங்க வேண்டும். சென்னையில் தேதி கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே அந்தக் காலத்தில் நியூஜெர்சிக்காரர்கள் எல்லாரும் டொரண்டோவுக்குத்தான் போவார்கள். இரண்டு ராத்திரி தங்கல், ஒரு காலையில் இன்டர்வியூ, நேரம் இருந்தால் நயாகரா. இதற்கு ஸ்டாம்பிங் என்று பெயர். போகிறவர்களில் பெரும்பாலோர் சிரித்த முகத்தோடு திரும்பி வருவார்கள். யாரோ ஒருவரிடம் மட்டும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, இன்னும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்று ஒரு சீட்டைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். எப்போது முடியும் என்று கேட்டால் பதில் கிடையாது. அவர் அங்கே, வீடும் காரும் பிள்ளைகுட்டியும் இங்கே.

நாங்கள் அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த புதிதில் ஒரு சாயங்காலம் கதவைத் திறந்தால், ஒரு டப்பா நிறைய அரிசிம்பருப்புச் சோற்றோடு நிற்கிறார். நாற்பதை நெருங்கும் வயது, மெலிந்த உடம்பு, ஆபீஸ் அட்டை இன்னும் கழுத்தில் தொங்குகிறது. பின்னால் பள்ளிப் பையோடு அவருடைய மகள் நிலா. "நான் கரூருங்க. மேல இருக்கறோம். சாமானெல்லாம் பிரிச்சு அடுப்பு பத்த வெக்கறதுக்குள்ள பசிச்சுருமில்ல" என்றார். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். எந்த வீட்டிலும் அவர் அப்படித்தான் உட்காருவார், யாரோ கூப்பிட்டால் உடனே எழுந்து ஓடுவதற்கு வசதியாக.

பேச்சுவாக்கில் என் கணவர் சரவணன், அடுத்த வாரம் டொரண்டோவுக்கு ஸ்டாம்பிங் போகிறோம் என்று சொல்லிவிட்டார்.

"எங்க தங்கறீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார் அக்கா.

"கான்சுலேட் பக்கத்துலயே ஹோட்டல் புக் பண்ணிட்டோம்க்கா. உள்ள ஃபோன், பேக் எதுவும் அலோ பண்ண மாட்டாங்களாம். ரூம்லயே வெச்சுட்டு நடந்தே போயிடலாம். பிரேக்ஃபாஸ்ட் கூட ஃப்ரீ."

"அடுப்பு இருக்குதா?"

"அடுப்பா?"

"துணி தொவைக்க மெஷினு? பக்கத்துல மளிகைக் கடை? நடந்து போற தூரத்துல டாக்டரு?"

"ரெண்டு நாளைக்கு எதுக்குக்கா இதெல்லாம்?"

"சரி அம்மிணி, அங்கயே மாட்டிக்கிட்டீங்கன்னா?"

மிரட்டுகிற குரல் இல்லை. பால் வாங்கியாச்சா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அவர் படியேறிப் போன சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்து, சரவணன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "கருநாக்கு மாதிரி இருக்கே. போற நேரத்துல பேசற பேச்சா இது?" எம்.எஸ். படித்த மனுஷன் இப்படிப் பேசுகிறாரே என்று நான் கேலி செய்தேன். பெட்டி கட்டும்போது ஆளுக்கு ஒரு செட் துணி அதிகமாக வைத்ததும் நான்தான்.

எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. போனோம், முத்திரை வாங்கினோம், நயாகராவில் நனைந்தோம், வந்தோம். வேண்டுமென்றே அவர் கதவைத் தட்டி ஒரு பெட்டி மேப்பிள் பிஸ்கட்டை நீட்டினேன். பார்த்தீர்களா, உங்கள் கேள்வி பலிக்கவில்லை என்று காட்டிவிட்டு வரலாம் என்று. அவர் பிஸ்கட்டை வாங்கவே இல்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "வந்துட்டீங்களா, வந்துட்டீங்களா" என்று அழ ஆரம்பித்துவிட்டார். நயாகரா பார்த்துவிட்டு வந்தவளுக்கு இப்படி ஒரு வரவேற்பா? எனக்குச் சந்தோஷமாக இல்லை, பயமாக இருந்தது.

அவருடைய வாழ்க்கையே அந்தக் கேள்வியின்மேல் நடந்துகொண்டிருந்தது என்பது போகப் போகத்தான் தெரிந்தது. காரில் பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க விட மாட்டார். எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால்கூட, மாடிப்படி ஏறினால் அவர் வீடுதான், இருந்தும் மகளுக்கு ஒரு மாற்றுடுப்பு கைப்பையில் இருக்கும். கடைக்குப் போனால் உள்ளே நுழைந்ததும் வெளியே போகிற வழி எங்கே என்று மகளைக் காட்டச் சொல்லுவார். நிலா அலுப்போடு கையை நீட்டி, "தேர் அண்ட் தேர், மாம்" என்பாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும்.

இதில் வேடிக்கை, அக்கா டொரண்டோவைப் பார்த்ததே இல்லை. ஆனால் அங்கே எந்தத் தெருவில் எந்தக் கடை, எந்த பஸ் எங்கே போய் நிற்கும், எந்த ஓட்டலில் ஜன்னல் திறக்காது என்பதெல்லாம் அத்துப்படி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஃபோனில் அந்த ஊரின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவாராம். நகரத்துக்கு நடுவில், ஏரியைப் பார்த்தாற்போல நிற்கிற ஓட்டல்கள் அவருக்கு ஆகவே ஆகாது. "ஏரிய எத்தன நாள் பாத்துட்டு உக்காந்திருப்ப? நாலாம் நாள் அந்த ரூமே உன்னத் தின்னுரும்" என்பார். அவர் சொல்லுகிற இடம் எப்போதும் நகரத்தின் கிழக்கோரம் ஸ்கார்பரோவில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவின் வீட்டுக் கீழ்த்தளம். அடுப்பு உண்டு, மாதக்கணக்கில் இருக்கலாம், பஸ் நிறுத்தம் வாசலில். "முக்கியமா, எப்பப் போவீங்கன்னு அந்தம்மா கேக்காது" என்பார்.

உல்லாசமாக இரண்டு நாள் போய்வர நினைக்கிறவன் கீழ்த்தளத்தில் போய்த் தங்குவானா? யாரும் அவர் பேச்சைக் கேட்டதில்லை. அதனால்தான் ஒளிக்க ஆரம்பித்தார்கள். துணி துவைக்கும் மெஷின்கள் இருக்கிற அடித்தளத்தில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். அக்காவின் செருப்புச் சத்தம் படியில் கேட்டதும் பேச்சு சோப்புப் பவுடரின் விலைக்கு மாறிவிடும். அவருக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே, "ஆமா, இப்பல்லாம் ரொம்ப ஏத்திட்டாங்க" என்று அந்தப் பேச்சிலேயே கலந்துகொள்வார்.

எதிர் பிளாக்கில் கார்த்தி என்று ஒரு மதுரைப் பையன், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நயாகரா பார்க்கப் போகிறேன், மனைவிக்கு ஜுரம் என்பதால் நண்பர்களோடு போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தான். டிரை கிளீனிங்கிலிருந்து கோட்டு சூட்டை வாங்கிக்கொண்டு படியேறும்போது அக்கா எதிரில் வந்துவிட்டார். நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

"நயாகராவுக்குக் கோட்டு எதுக்குங்க தம்பி?"

கார்த்தி அசடு வழியச் சிரித்தான். "சும்மாக்கா, ஃபோட்டோ எடுக்க."

"எங்க தங்கறீங்க?"

"டவுன்டவுன்லதான்."

அக்கா கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காமல் விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். வாய் வரைக்கும் வந்ததை அவர் விழுங்கப் பார்த்தது எனக்கே தெரிந்தது. முடியவில்லை.

"அங்கயே மாட்டிக்கிட்டீங்கன்னா, தம்பி?"

அவன் மாட்டிக்கொண்டான். கோடையில் போனவன், பனிக்காலம் தொடங்கும்வரை வர முடியவில்லை. அவன் மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது, அந்த ஊரில் காலை வெளியே வைக்க வேண்டுமானாலே கார் வேண்டும். சேதி வந்த அன்று அந்தப் பெண் பார்க்கிங்கில் எல்லார் முன்னாலும் அக்காவைப் பிடித்துக்கொண்டது. "நீங்க வாய வெச்சதுதான்! நல்லா இருங்க! நல்லா இருங்க!" அக்கா கார்ச் சாவியை விரலில் சுற்றியபடி, திட்டு முடிகிறவரைக்கும் நின்றார். பிறகு, "தம்பி நம்பர் குடு. அந்த ஓட்டல மொதல்ல காலி பண்ணச் சொல்லோணும்" என்றார். அடுத்த நாளே கார்த்தி ஸ்கார்பரோ கீழ்த்தளத்தில் இருந்தான். வாரா வாரம் அந்தப் பெண்ணைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனவரும் அக்காதான். போகும்போது ஒளிகிறவர்கள் மாட்டிக்கொண்டதும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எந்த நேரமும் எடுப்பார். அடுப்பு எப்படிப் பற்ற வைப்பது என்பதுவரை சொல்லிக் கொடுப்பார். வந்து சேர்ந்ததும் மறுபடி அவரைக் கண்டால் விலகிப் போவார்கள், கார்த்தி உட்பட. எனக்கு அவர்கள்மேல் கோபம் கோபமாக வரும். ஆனால் உண்மையைச் சொன்னால், நானும் அவரிடம் எங்கள் பயண விஷயம் எதையும் வாய்திறந்து சொன்னதில்லை.

ஒரு நாள் கேட்டே விட்டேன். கோயில் பார்க்கிங்கில் காரில் உட்கார்ந்து நானும் அவரும் பிரசாதப் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நிலா கொஞ்ச தூரத்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். "ஏன்க்கா அந்தக் கேள்விய கேக்கறீங்க? உங்களப் பத்தி எல்லாரும் தப்பாப் பேசறாங்க. விட்ருங்களேன்."

அவர் கரண்டியை வைத்துவிட்டு மகள் இருக்கும் பக்கம் ஒரு தரம் பார்த்தார்.

"நானும் அவரும் ரெண்டு பேருமே வேலைல இருந்தோம் அம்மிணி. நான் ஏழு மாசம் முழுகாம இருக்கறேன். அவரு டொரண்டோவுக்குக் கெளம்பறாரு. நான்தான் ரெண்டு சட்ட அயர்ன் பண்ணி வெச்சேன். மூணாவதா ஒண்ணு வெக்கலாம்னு கையில எடுத்துட்டேன். கெட்ட சகுனமா எதுக்குன்னு திருப்பி மாட்டிட்டேன்."

நிலா சைக்கிளில் ஒரு சுற்று வந்து காரைத் தாண்டிப் போனாள்.

"சீட்டுக் குடுத்துட்டாங்க. அந்த ஓட்டல்லயே உக்காந்திருந்தாரு. அப்பறம் எங்கெங்கயோ மாறினாரு. சமைக்கத் தெரியாது, ரொட்டியத் தின்னுட்டுக் கெடந்தாரு. கம்பெனி பொறுத்துப் பாத்துட்டு வேற ஆளப் போட்டுட்டாங்க. கடசில பாஸ்போர்ட்ட வெறுமனே திருப்பிக் குடுத்துட்டாங்க. அங்கிருந்து நேரா சென்னைக்குப் போயிட்டாரு. இவ பொறந்தா. மொதல்ல தெனமும் பேசுவாரு. அப்பறம் வாரத்துக்கு ஒருக்கா. அப்பறம் என்ன பேசறதுன்னு ரெண்டு பேருக்குமே தெரியல. ஒரு சண்டகூட இல்ல அம்மிணி. சண்ட போட்டுப் பிரிஞ்சிருந்தாலாவது சொல்லிக்க ஒண்ணு இருக்கும்."

அன்று தன் வீட்டில் கேட்காமல் விட்ட கேள்வியைத்தான் இந்த மனுஷி அத்தனை பேரிடமும் கேட்டுக்கொண்டு திரிகிறார் என்று எனக்கு விளங்கியது. பரிதாபமாக இருந்தது. கூடவே ஒரு பயமும் வந்தது. இவர் எல்லாரையும் அனுப்பி வைக்கிறார், இவர் மட்டும் எங்கேயும் போவதில்லையே என்று அப்போதுதான் தோன்றியது. நிலா பிறந்ததிலிருந்து அவர் இந்த நாட்டின் எல்லையைத் தாண்டியதே இல்லை. தன் அப்பா இறந்தபோதுகூட, காரியம் முழுவதையும் ஃபோனில் பார்த்துவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்தார்.

அப்படிப்பட்டவருக்கும் ஒரு நாள் போக வேண்டி வந்தது. கரூரில் அவருடைய அம்மாவுக்குப் புற்றுநோய், முற்றிய நிலை. பேத்தியைத் தொட்டுப் பார்த்ததே இல்லை என்று அந்த அம்மா தினமும் ஃபோனில் அழுதார். டொரண்டோவில் ஒரு தேதி கிடைத்தது. அங்கே முத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டால், பள்ளி விடுமுறையில் மகளோடு ஊருக்குப் போகலாம், பயமில்லாமல் திரும்பலாம். அதுதான் திட்டம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தார். "அம்மிணி, எனக்கு ஒரு ரூம் பாத்துக் குடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்களே பாத்துக்கலாமேக்கா? உங்களுக்குத் தெரியாத இடமா?"

"நான் பாத்தா என்ற புத்தி எங்க போகும்னு உனக்குத் தெரியாதா? நீயே பாரு. புள்ளைய உன்னட்டதான் விட்டுட்டுப் போறேன். அவளையும் கூட்டிட்டுப் போகோணும்னா அவங்கப்பா கையெழுத்து வெச்ச லெட்டர் வேணும். பார்டர்ல கேப்பாங்களாம். அவருகிட்ட நான் கேக்க மாட்டேன்."

லேப்டாப்பைத் திறந்தேன். அவருக்காகத் தேடுவதால் கை தானாகவே சமையலறை உள்ள அறை, மாதத் தங்கல் என்று தட்டியது. திரையைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"அது வேண்டாம்."

"அக்கா, நீங்கதானே எல்லாருக்கும்..."

"அடுப்பு வேண்டாம் அம்மிணி. ரெண்டு ராத்திரி. பெரிய ஓட்டலா, ஏரி தெரியற மாதிரி எடு. எல்லாரும் எடுக்கற மாதிரி எடு." லேப்டாப் மூடியைப் பாதி சாய்த்தார். "அடுப்பிருக்கற ரூம எடுத்தா, நானே முடிவு பண்ணிட்டுப் போற மாதிரி ஆயிரும்."

அந்தக் கேள்வி என் வாய்க்குள் வந்து நின்றது. இத்தனை நாள் அவரிடமிருந்து கேட்டுக் கேட்டு அலுத்த அதே கேள்வி. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, ஏதாச்சும் சொல்லப் போறியா?"

"இல்லக்கா."

"சொல்லாத."

அவர் சொன்னபடியே எடுத்தேன். உயரமான மாடி, வெள்ளைப் படுக்கை, ஜன்னல் நிறைய நீலத் தண்ணீர். படத்தைப் பார்த்து, "நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டு, நான் பார்க்க முதல் தடவையாக நாற்காலியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

கிளம்பிய அன்று கட்டடமே கீழே இறங்கி வந்துவிட்டது. ஒளிந்தவர்கள், விலகிப் போனவர்கள் எல்லாரும். கார்த்தியின் மனைவி ஒரு பெட்டி இனிப்பைக் கையில் திணித்தது. "ஒன்னும் ஆகாதுக்கா" என்றார் ஒருவர். "ஒன்னுமே ஆகாது" என்றார் இன்னொருவர். ஆளாளுக்கு அதையே சொல்லச் சொல்ல, என்னவோ ஆகிவிட்ட வீட்டில் நிற்கிற மாதிரி இருந்தது. ஒரு சின்னப் பெட்டிதான் எடுத்திருந்தார். நிலாவின் தலையைத் தடவி, "ஆன்ட்டி சொல்றத கேக்கோணும் கண்ணு" என்றார். "இட்ஸ் ஜஸ்ட் டூ நைட்ஸ், மாம்" என்றாள் அவள்.

இன்டர்வியூ அன்று பிற்பகல், நிலாவைக் கூட்டிவரப் பள்ளி வாசல் கார் வரிசையில் இருந்தேன். அவள் ஏறிக் கதவைச் சாத்தும்போது அக்காவின் அழைப்பு வந்தது. காரோடு ஃபோன் இணைந்திருந்ததால் குரல் கார் முழுக்கக் கேட்டது. அதை நான் சட்டென்று மாற்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

"சீட்டுக் குடுத்துட்டாங்க அம்மிணி."

முன்னாலிருந்த கார் நகர்ந்தது, நான் நகர்த்தவில்லை.

"பாஸ்போர்ட்ட வெச்சுக்கிட்டாங்க. கீழ ரிசப்ஷன்ல நிக்கறேன். ரூம நீட்டிக்கறீங்களா, எத்தன நாளுக்குன்னு கேக்கறாங்க." பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம், பெட்டிச் சக்கரங்கள் உருளுகிற சத்தம். "நான் என்ன சொல்லட்டும்?"

கார்த்திக்கு இதே நிலையில் என்ன செய்ய வேண்டும் என்று கட்டளை போட்டவர் இவர். இப்போது வழி தெரியாத பிள்ளை மாதிரிக் கேட்கிறார். பின்னாலிருந்த கார் ஹாரன் அடித்தது. கண்ணாடியில் பார்த்தேன். நிலா சீட் பெல்ட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தாள்.

"அக்கா, ஸ்கார்பரோ அம்மாவுக்கு நான் பேசறேன். நீங்க அந்த ரூம விட்டுடுங்க."

"எத்தன நாளுக்குன்னு அந்தம்மாகிட்ட சொல்லுவ?"

"அவங்கதான் கேக்க மாட்டாங்களே."

"நான் கேக்கறேன், அம்மிணி."

"ஒரு மாசம்னு சொல்றேன்க்கா" என்றேன். சொல்லி முடித்ததும், கார் முழுக்க அந்தச் சொல் நின்றது. நிலா வீடு வந்து சேரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஒரு மாதம் போதவில்லை. இன்னொன்றும் போனது. அவருடைய கம்பெனியும் பொறுத்துப் பார்த்தது, பிறகு பொறுக்கவில்லை. பாஸ்போர்ட் முத்திரை இல்லாமல் திரும்பி வந்ததும், அங்கிருந்தே ஊருக்குப் போய்விட்டார். அம்மாவின் கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்தார், அந்த ஒன்று மட்டும் நடந்தது. மேல் வீட்டுச் சாமான்களை நாங்கள்தான் காலி செய்தோம். யாரிடம் கேட்க மாட்டேன் என்று இருந்தாரோ அவரிடமே கையெழுத்தையும் கேட்டு வாங்கினார். இங்கே பிறந்த பிள்ளைக்கு இந்தியா போக விசா எடுக்க அது வேண்டியிருந்தது. நாங்கள் யாரும் கூடப் போக முடியாது. எங்கள் முத்திரையும் அதற்குள் காலாவதி ஆகியிருந்தது, வெளியே போனால் நாங்களும் அக்காவும் ஒன்றுதான். பிள்ளைகளைப் பார்க்க வந்து கோயம்புத்தூருக்குத் திரும்பும் ஒரு வயதான தம்பதியோடு அவளை அனுப்ப ஏற்பாடு செய்தோம்.

நியூவர்க் விமான நிலையத்தில் அந்தப் பெரியவர்கள் வரிசையில் நின்றார்கள். நிலா தன் நீல நிற அமெரிக்க பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அழவில்லை. ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டுமே என்று நான்தான் வாயைத் திறந்தேன்.

"நீ கவலப்படாத கண்ணு. உன்ன யாரும் நிறுத்த முடியாது. இது உன் ஊரு. எப்ப வேணா நீ திரும்பி வரலாம்."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் தமிழில் பேசியது அந்த ஒரு முறைதான்.

"வந்தா நான் எங்க தங்குவேன், ஆன்ட்டி?"

எங்கள் வீட்டில் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். எங்கள் வேலை அனுமதி நீட்டிப்புக்குப் போட்டிருந்த மனுவுக்கு அன்றுவரை பதில் வரவில்லை, இல்லையென்று வந்தால் நாங்களும் கிளம்ப வேண்டியதுதான். பெரியவர் அவளைக் கூப்பிட்டார். அவள் போனாள்.